மரணமும் மறுமையும்: குர்ஆனை முதன்முறை திறப்பவருக்கு ஒரு வாசிப்பு வழி

மரணத்தைப் பற்றிக் குர்ஆன் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்பி, முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குபவர்கள் பலர். அவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் அத்தியாயத்தின் பாதியிலேயே களைத்துப்போவார்கள். அது அவர்கள் குறை இல்லை. குர்ஆன் தலைப்பு வாரியாக அடுக்கிய நூல் அல்ல. ஒரு வசனம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும், அடுத்த வரியில் இறந்தவர்கள் எழுந்து வருவார்கள். வட்டியும் கடனும் பற்றிய சட்டங்களுக்கு நடுவே, ‘நீங்கள் அல்லாஹ்விடம் திரும்பக் கொண்டுவரப்படும் நாளை அஞ்சிக்கொள்ளுங்கள்’ என்று ஒரு வசனம் வந்து நிற்கும் (2:281). மொத்தம் 114 அத்தியாயங்கள். மறுமையைத் தொடாமல் போகும் அத்தியாயங்கள்தான் குறைவு.

அதனால் இங்கே ஒரு வரிசை தருகிறேன். இதைப் புதிதாக இஸ்லாத்தைத் தழுவியவரும் பின்பற்றலாம். சிறுவயதிலிருந்து அரபியில் ஓதிவந்து, பொருளை இப்போதுதான் படிக்கத் தொடங்குபவரும் பின்பற்றலாம். வேறு மதத்தைச் சேர்ந்தவருக்கும், எந்த மதமும் இல்லாதவருக்கும் இதே வரிசை போதும். ஒரே அமர்வில் முடிக்க வேண்டியதில்லை, நாளுக்கு ஒரு படி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தொடங்குமுன்

வசன எண்கள் தெளிவாக அச்சிட்ட ஏதாவது ஒரு தமிழ் மொழிபெயர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே 75:26 என்று இருந்தால் அது 75ஆம் அத்தியாயம், 26ஆம் வசனம். சில பதிப்புகளில் ஓரிரு எண் முன்பின்னாக இருக்கலாம், பக்கத்து வசனத்தைப் பார்த்தால் கிடைத்துவிடும். அடைப்புக்குறிக்குள் இருப்பவை பொதுவாக மொழிபெயர்ப்பாளர் விளக்கத்துக்காகச் சேர்த்த சொற்கள். மரணம் பற்றிய வசனங்களில் இந்தச் சேர்க்கைகள் அதிகம். முதலில் அவற்றை விட்டுவிட்டு வசனத்தை மட்டும் படியுங்கள், அப்புறம் சேர்த்துப் படியுங்கள்.

இன்னொன்று: குர்ஆன் மறுமையைப் பல இடங்களில் நடந்து முடிந்த சம்பவம்போலச் சொல்லும். ‘எக்காளம் ஊதப்பட்டது’, ‘ஏடு வைக்கப்பட்டது’ என்று வரும். அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். வரப்போவதில் சந்தேகமே இல்லை என்று காட்டும் நடை அது.

நெருங்கியவரை அண்மையில் இழந்தவர் இதைப் படித்துக்கொண்டிருந்தால், கீழே உள்ள வரிசையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். 2:155 முதல் 157 வரை படியுங்கள். மரணச் செய்தி கேட்டதும் முஸ்லிம்கள் சொல்லும் ‘இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்’ என்பது அங்கேதான் இருக்கிறது: நாங்கள் அல்லாஹ்வுக்கு உரியவர்கள், அவனிடமே திரும்பிச் செல்பவர்கள். அடுத்து 12:84-86. மகன் யூசுஃபைப் பிரிந்த யஃகூப் நபியின் கண்கள் துயரத்தால் வெளுத்துப்போகின்றன. ‘என் துக்கத்தையும் கவலையையும் அல்லாஹ்விடம்தான் முறையிடுகிறேன்’ என்கிறார் அவர். ஒரு நபி அப்படி அழுததைக் குர்ஆன் குற்றமாகச் சொல்லவில்லை. ‘அழக்கூடாது, ஈமான் (இறைநம்பிக்கை) உள்ளவர் அழமாட்டார்’ என்று ஆறுதல் சொல்ல வருபவர்களுக்கு இந்த வசனத்தைக் காட்டலாம். கடைசியாக 89:27-30. அமைதியடைந்த ஆன்மாவை அதன் இறைவன் திரும்ப அழைக்கும் நான்கு சிறு வசனங்கள் அவை. இப்போதைக்கு இவ்வளவு போதும்.

முதல் படி: கடைசிப் பக்கங்களிலிருந்து

குர்ஆனின் கடைசிப் பகுதிக்குப் போங்கள். 99, 101, 102 ஆகிய மூன்று அத்தியாயங்களையும் சேர்த்தால் 27 வசனங்கள்தான். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் பின்னால் வரப்போகும் எல்லாவற்றின் சுருக்கமும் இவற்றில் இருக்கிறது.

99 (அஸ்ஸில்ஸால்) நிலநடுக்கத்தில் தொடங்குகிறது. பூமி தன் சுமைகளை வெளியே தள்ளுகிறது, தன் செய்திகளைச் சொல்கிறது. அணுவளவு நன்மை செய்தவரும் அதைக் காண்பார், அணுவளவு தீமை செய்தவரும் அதைக் காண்பார் என்று முடிகிறது. 101இல் (அல்காரிஆ) மனிதர்கள் சிதறிய ஈசல்களைப்போல ஆகிறார்கள், மலைகள் கொட்டிய கம்பளிபோல் பறக்கின்றன, பிறகு ஒரு தராசு வருகிறது. 102 (அத்தகாஸுர்) நேராக நம்மைப் பார்த்துப் பேசுகிறது. ‘இன்னும் வேண்டும், இன்னும் வேண்டும்’ என்று சேர்க்கும் ஆசை, கப்ருகளை (கல்லறைகளை) சந்திக்கும் வரை உங்கள் கவனத்தைத் திருப்பிவிட்டது என்கிறது. அதன் கடைசி வசனம், அனுபவித்த அருட்கொடைகளைப் பற்றி அன்று கட்டாயம் விசாரிக்கப்படுவீர்கள் என்று சொல்கிறது.

இவற்றில் 101, 102 இரண்டும் பொதுவாக மக்காக் காலத்தோடு சேர்த்துப் பேசப்படுபவை, 99 பற்றி மட்டும் மக்காவா மதீனாவா என்று கருத்து வேறுபாடு உண்டு. 610 வாக்கில் தொடங்கி, 622இல் மதீனாவுக்கு இடம்பெயரும் வரை நபிகள் நாயகம் (ஸல்) மக்காவில் பேசியது, மறுமையையே ஏற்காத மக்களிடம். நான்காம் படிக்கு வரும்போது இந்தப் பின்னணி உதவும்.

இரண்டாம் படி: உயிர் பிரியும் நேரம்

ஒவ்வோர் உயிரும் மரணத்தைச் சுவைத்தே தீரும் என்ற வாசகம் குர்ஆனில் மூன்று இடங்களில் வருகிறது: 3:185, 21:35, 29:57. மூன்றையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் இடத்தில், முழுக்கூலி கிடைப்பது கியாமத் (இறுதித் தீர்ப்பு) நாளில்தான் என்ற தொடர்ச்சி வருகிறது. இரண்டாவதில், நன்மையாலும் தீமையாலும் உங்களைச் சோதிக்கிறோம் என்று வருகிறது. மூன்றாவதில், எங்களிடமே திரும்புவீர்கள் என்று வருகிறது. ஒரே வாக்கியத்தை மூன்று பேச்சுகளில் மூன்று விதமாகப் பயன்படுத்தியிருக்கிறது. குர்ஆனைப் படிக்கும்போது இந்தப் பழக்கம் நல்லது: ஒரு வசனத்தைத் தனியாகப் பிய்த்தெடுக்காமல் முன்னும் பின்னும் இரண்டு வசனங்கள் சேர்த்துப் படிப்பது.

அப்புறம் மரணப்படுக்கைக் காட்சிகள். 75:26-30ஐ மெதுவாகப் படியுங்கள். உயிர் தொண்டைக்குழி எலும்புவரை வந்துவிட்டது. ‘மந்திரித்துக் காப்பாற்ற யாராவது உண்டா?’ என்று குரல் எழுகிறது. படுத்திருப்பவருக்கோ இது பிரிவுதான் என்று புரிந்துவிடுகிறது. காலோடு கால் பின்னுகிறது. இறைவனை நோக்கிய பயணம் அன்று தொடங்குகிறது. நோயாளி, சுற்றி நிற்பவர்கள், அவர்களுடைய பதற்றம், அவருடைய தெளிவு எல்லாம் ஐந்து சிறு வசனங்களில் அடங்கிவிடுகின்றன.

56:83-87 அதே படுக்கையைச் சுற்றி நிற்பவர்களோடு பேசுகிறது. உயிர் தொண்டையை அடையும்போது நீங்கள் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறீர்கள், நாமோ உங்களைவிட அவருக்கு அருகில் இருக்கிறோம், ஆனால் நீங்கள் காண்பதில்லை. நீங்கள் யாருக்கும் கணக்குச் சொல்லத் தேவையில்லாதவர்கள் என்றால் அந்த உயிரைத் திருப்பிவிடலாமே? மரணத்தைப் பற்றிய வசனங்களில் எனக்கு மிகக் கூர்மையாகப் படுவது இதுதான். மறுமையை நிரூபிக்க அது வேறெங்கோ போகவில்லை, கட்டிலருகே நிற்கும் நம் இயலாமையையே சாட்சியாக வைக்கிறது.

39:42 வேறு பக்கத்திலிருந்து வருகிறது. இறக்கும் வேளையிலும் உறக்கத்திலும் உயிர்களைக் கைப்பற்றுபவன் அல்லாஹ். மரணம் விதிக்கப்பட்டதை வைத்துக்கொள்கிறான், மற்றதைக் குறித்த தவணை வரை திருப்பி அனுப்புகிறான். ஒவ்வோர் இரவும் உறங்கி எழுவதை அந்த வசனத்தோடு சேர்த்துப் பார்ப்பவருக்கு மரணம் முற்றிலும் அறியாத ஒன்றாக இருக்காது.

கடைசி நொடியில் மனம் மாறினால்? 4:18 இதற்குப் பதில் சொல்கிறது. தீமைகளைச் செய்துகொண்டே இருந்து, மரணம் கண்முன் வந்ததும் ‘இப்போது தௌபா (பாவத்திலிருந்து மீளுதல்) செய்கிறேன்’ என்பவருக்கு மன்னிப்பு இல்லை. கடலில் மூழ்கும்போது நம்பிக்கை கொண்டதாகச் சொன்ன எகிப்து மன்னன் ஃபிர்அவ்னின் கதை (10:90-92) இதற்கு எடுத்துக்காட்டு. ஆனால் இதை 39:53 இல்லாமல் படிக்கக் கூடாது. தமக்குத் தாமே வரம்பு மீறிக்கொண்ட என் அடியார்களே, அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள், அவன் எல்லாப் பாவங்களையும் மன்னிப்பவன் என்கிறது அது. அந்த நொடி வரும்வரை கதவு திறந்திருக்கிறது.

மூன்றாம் படி: இடைக்காலமும் ஒரு எச்சரிக்கையும்

இறப்புக்கும் எழுப்பப்படுவதற்கும் இடைப்பட்ட நிலைக்கு பர்ஸக் என்று பெயர். 23:99-100ஐப் பாருங்கள். மரணம் வந்ததும் ஒருவர் கெஞ்சுகிறார்: ‘என்னைத் திருப்பி அனுப்பு, விட்டுவந்ததில் நல்லதைச் செய்கிறேன்.’ அது வெறும் வாய்ச்சொல், எழுப்பப்படும் நாள்வரை அவர்களுக்கு முன்னே ஒரு திரை இருக்கிறது என்பது பதில். மறுபிறவிக்கு இங்கே இடமில்லை. வாழ்க்கை ஒன்று, மரணம் ஒன்று, எழுப்பப்படுவது ஒன்று.

இந்த நிலையைப் பற்றி அதைத் தாண்டிக் குர்ஆன் சொல்வது குறைவு. இறைவழியில் கொல்லப்பட்டவர்களை இறந்தவர்கள் என்று எண்ணாதீர்கள், அவர்கள் தம் இறைவனிடம் உயிரோடு இருக்கிறார்கள் என்று 3:169 சொல்கிறது. ஃபிர்அவ்னின் கூட்டத்தார் காலையிலும் மாலையிலும் நெருப்பின் முன் கொண்டுவரப்படுகிறார்கள் என்கிறது 40:46. கப்ரின் வேதனை பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் இதைத்தான் மேற்கோள் காட்டுவார்கள். எழுப்பப்பட்டவர்களிடம் ‘பூமியில் எத்தனை ஆண்டுகள் இருந்தீர்கள்?’ என்று கேட்கப்படும்போது, ‘ஒரு நாளோ நாளின் ஒரு பகுதியோ இருந்திருப்போம்’ என்று பதில் வருகிறது (23:112-113).

இப்போது எச்சரிக்கை. உரைகளில் கேட்டதையும் காணொளிகளில் பார்த்ததையும் குர்ஆனுக்குள் தேடினால் சில கிடைக்காது. உயிரைக் கைப்பற்றும் வானவரை ‘மலக்குல் மவ்த்’ என்றுதான் குர்ஆன் சொல்கிறது (32:11), இஸ்ராயீல் என்ற பெயர் அதில் இல்லை. கப்ரில் கேள்வி கேட்கும் முன்கர், நகீர் பெயர்களும் இல்லை. எக்காளம் ஊதுபவர் இஸ்ராஃபீல் என்பதும் இல்லை. நரகத்துக்கு ஏழு வாசல்கள் என்று 15:44 சொல்கிறது, சொர்க்கத்துக்கு எட்டு என்ற எண்ணிக்கை ஹதீஸிலிருந்து (நபிமொழிகளிலிருந்து) வருவது. இறுதிக்காலத்தில் வருவதாகச் சொல்லப்படும் பெரும் பொய்யன் தஜ்ஜாலும் அப்படியே. அதேபோல் இறுதிக்காலத்தோடு சேர்த்துப் பேசப்படும் யஃஜூஜ், மஃஜூஜ் கூட்டத்தார் மட்டும் குர்ஆனிலேயே உண்டு (18:94, 21:96).

இதற்காக ஹதீஸ்களை ஒதுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. முஸ்லிம் அறிஞர்கள் இரண்டையும் சேர்த்துத்தான் படிக்கிறார்கள், குர்ஆன் சுருக்கமாகச் சொன்னதை நபிமொழிகள் விரிக்கின்றன. ஆனால் புதிதாகப் படிப்பவர் எது எங்கிருந்து வருகிறது என்று முதலிலேயே குறித்துக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் மூலமே இல்லாத கதைகளும் கூட்டத்தோடு சேர்ந்து உள்ளே வந்துவிடும். கப்ரைத் தோண்டியபோது கண்ட காட்சி என்று கைபேசியில் பரவுபவை எல்லாம் இந்த ரகம்தான்.

நான்காம் படி: ‘எலும்பும் மண்ணும் ஆன பிறகா?’

செத்தவர் எப்படி எழுவார் என்ற கேள்வி உங்களுக்கு இருந்தால் வெட்கப்பட வேண்டாம், குர்ஆனிலேயே அந்தக் கேள்வி பல முறை வருகிறது. ‘நாங்கள் செத்து மண்ணாகவும் எலும்புகளாகவும் ஆன பிறகு எழுப்பப்படுவோமா, எங்கள் முன்னோர்களுமா?’ என்று மக்காவாசிகள் கேட்கிறார்கள் (56:47-48). இந்த உலக வாழ்க்கையைத் தவிர வேறில்லை, காலம்தான் நம்மை அழிக்கிறது என்றும் சொல்கிறார்கள் (45:24). அவர்களுடைய வாதத்தை மறைக்காமல் எடுத்து வைத்துவிட்டுத்தான் பதில் வருகிறது.

36:77-79இல் பதில் நேரடியானது. உக்கிப்போன எலும்புகளுக்கு யார் உயிர் கொடுப்பார் என்று கேட்கும் மனிதன், தான் ஒரு துளியிலிருந்து வந்ததை மறந்துவிட்டான். முதன்முறை படைத்தவனே மறுபடியும் உயிர் கொடுப்பான். இரண்டாவது வாதம் மழை. காய்ந்து கிடக்கும் நிலத்தில் நீர் இறங்கியதும் அது அசைந்து எழுகிறது, அதை உயிர்ப்பித்தவன் இறந்தவர்களையும் உயிர்ப்பிப்பான் (41:39). இதே வாதத்தை 7:57, 22:5, 30:50, 35:9, 50:11 ஆகிய இடங்களிலும் காணலாம். குர்ஆனில் மழை வந்தால் பின்னாலேயே மறுமை வரும் என்று எதிர்பார்க்கத் தொடங்கிவிடுவீர்கள்.

75:3-4 மனிதனின் விரல் நுனிகளைக்கூடச் சீராக அமைக்க வல்லவன் என்கிறது. இது கைரேகை அறிவியலை முன்பே சொன்ன வசனம் என்று பலர் எழுதுகிறார்கள். என் கருத்தில் அந்த வசனத்துக்கு அந்த ஆதரவு தேவையில்லை. எலும்புகளை ஒன்றுசேர்க்க முடியாது என்று நினைத்தவனிடம், மிகச் சிறிய நுனியையும் சேர்த்துச் சீராக்க முடியும் என்று சொல்கிறது, அவ்வளவுதான். வாதம் அதன் இடத்திலேயே முழுமையாக இருக்கிறது.

இந்தப் படியில் கட்டாயம் படிக்க வேண்டியது 2:260. இப்ராஹீம் நபி கேட்கிறார்: ‘இறைவா, இறந்தவர்களை எப்படி உயிர்ப்பிக்கிறாய் என்று எனக்குக் காட்டு.’ ‘நீ நம்பவில்லையா?’ என்று கேள்வி வருகிறது. ‘நம்புகிறேன், ஆனாலும் என் மனம் அமைதியடைய வேண்டும்’ என்கிறார். கண்டனம் எதுவும் வரவில்லை. நான்கு பறவைகளைக் கொண்டு அவருக்குக் காட்டப்படுகிறது. அதற்கு முந்தைய வசனத்தில் (2:259) பாழடைந்த ஊரைக் கடந்துபோகும் ஒருவர் நூறு ஆண்டுகள் இறந்து கிடந்து எழுகிறார். எவ்வளவு நேரம் இருந்தாய் என்றால், ‘ஒரு நாள் அல்லது அதில் கொஞ்சம்’ என்கிறார் அவரும். 18ஆம் அத்தியாயத்தின் குகைவாசிகளும் இதே பதிலைத்தான் தருகிறார்கள் (18:19).

ஐந்தாம் படி: அந்த நாள்

இதை விரைவாகக் கடக்கலாம். 81, 82, 84 மூன்றையும் ஒரே மூச்சில் வாசியுங்கள். சூரியன் சுருட்டப்படுகிறது, நட்சத்திரங்கள் உதிர்கின்றன, கடல்கள் பொங்குகின்றன, வானம் பிளக்கிறது. பிறகு 39:68. எக்காளம் ஒரு முறை ஊதப்பட்டதும், அல்லாஹ் நாடியவரைத் தவிர எல்லோரும் விழுகிறார்கள். இரண்டாம் முறை ஊதப்பட்டதும் எழுந்து நின்று பார்க்கிறார்கள். இது எப்போது நடக்கும் என்று கேட்காதீர்கள், அந்த அறிவு அல்லாஹ்விடம் மட்டுமே என்று 7:187 முடித்துவிடுகிறது. ஆண்டு குறித்துச் சொல்பவர்களை நம்ப வேண்டியதில்லை.

80:34-37இல் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். மனிதன் தன் சகோதரனை, தாயை, தந்தையை, மனைவியை, பிள்ளைகளை விட்டு ஓடும் நாள். யாருக்காகக் கணக்கில் குளறுபடி செய்தோமோ அவர்கள் யாரும் பக்கத்தில் இல்லை.

ஆறாம் படி: கணக்கு

என் பார்வையில் இதுதான் மையம். குர்ஆனின் மறுமைப் பேச்சு மறுவுலகத்தின் வரைபடம் அல்ல, இந்த உலகில் நடந்தவற்றின் விசாரணை. படிக்கப் படிக்க அது உங்களைத் தராசு, கடன், அநாதை, பசி என்று இங்கேயே திருப்பிக்கொண்டு வரும்.

முதலில் விசாரணை எப்படி நடக்கும் என்று பாருங்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் ஏடு கொடுக்கப்பட்டு, ‘நீயே படி, இன்று உன் கணக்கைப் பார்க்க நீயே போதும்’ என்று சொல்லப்படுகிறது (17:13-14). சிறியதையும் பெரியதையும் விடாமல் எழுதிய ஏடு என்று குற்றவாளிகள் திகைக்கிறார்கள் (18:49). வலக்கையில் ஏடு கிடைத்தவர் ‘வாருங்கள், என் ஏட்டைப் படியுங்கள்’ என்று மகிழ்ச்சியில் கூவுகிறார். இடக்கையில் கிடைத்தவர் ‘இது எனக்குத் தரப்படாமலே இருந்திருக்கலாமே’ என்கிறார் (69:19-25). வாய்களுக்கு முத்திரை இடப்பட்டு, கைகள் பேசுகின்றன, கால்கள் சாட்சி சொல்கின்றன (36:65). நீதியான தராசுகள் வைக்கப்படுகின்றன, கடுகு விதையளவு செயலும் கொண்டுவரப்படும் (21:47).

என்ன கேட்கப்படுகிறது என்பது அடுத்தது. 69:33-34இல் தண்டனைக்குரியவரின் குற்றம் இரண்டே வரிகளில் வருகிறது: மகத்தான அல்லாஹ்வை நம்பவில்லை, ஏழைக்கு உணவளிக்கத் தூண்டவில்லை. உணவு கொடுக்காதது மட்டுமில்லை, பிறரைத் தூண்டாததும் பட்டியலில் இருக்கிறது. 74:42-44இல் நரகவாசிகளிடம் ‘எது உங்களை இங்கே கொண்டுவந்தது?’ என்று கேட்டால், ‘நாங்கள் தொழவில்லை, ஏழைகளுக்கு உணவளிக்கவில்லை’ என்கிறார்கள். 107ஆம் அத்தியாயம், தீர்ப்பை மறுப்பவன் யார் தெரியுமா என்று கேட்டுவிட்டு, அநாதையை விரட்டுபவனைக் காட்டுகிறது. 83ஆம் அத்தியாயம் அளவில் குறைப்பவர்களுக்குக் கேடு என்று தொடங்கி, மகத்தான ஒரு நாளில் எழுப்பப்படுவோம் என்று அவர்கள் நினைக்கவில்லையா என்று கேட்கிறது. நிறுவைக்கல்லுக்கும் மறுமைக்கும் நடுவே மூன்று வசனங்கள்கூட இல்லை.

81:8-9 தனியாகப் படிக்க வேண்டியது. உயிரோடு புதைக்கப்பட்ட பெண் குழந்தையிடம், எந்தப் பாவத்துக்காகக் கொல்லப்பட்டாய் என்று விசாரிக்கப்படும். சூரியன் சுருட்டப்படுவதும் நட்சத்திரங்கள் உதிர்வதும் சொல்லிவந்த வேகத்தில், பெயர்கூட வைக்கப்படாத அந்தக் குழந்தைக்காக ஒரு கேள்வி எழுகிறது. கேள்வி புதைத்தவனை நோக்கி அல்ல, குழந்தையை நோக்கி. இங்கே பேச முடியாமல் போனவள் அங்கே முதலில் பேசுகிறாள்.

ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார் என்பது இந்தக் கணக்கின் அடிப்படை விதி (35:18, 53:38-39). பரிந்துரை உண்டா? அவன் அனுமதி இல்லாமல் யாரும் பரிந்துரைக்க முடியாது என்கிறது 2:255. அனுமதி பெற்ற பரிந்துரை உண்டு என்பதே பெரும்பாலான அறிஞர்களின் நிலை. நன்மைக்குப் பத்து மடங்கு, தீமைக்கு அதன் அளவு மட்டுமே (6:160) என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கணக்கு கறாரானது, ஆனால் அருளின் பக்கம் சாய்ந்தது.

ஏழாம் படி: சொர்க்கமும் நரகமும்

பலர் இங்கிருந்துதான் தொடங்குவார்கள். நான் வேண்டுமென்றே இதைத் தள்ளி வைத்தேன். விசாரணையைப் படிக்காமல் தீர்ப்பை மட்டும் படித்தால் ஒரு பக்கம் ஆடம்பரமாகவும் மறுபக்கம் கொடூரமாகவும் மட்டுமே தெரியும்.

சொர்க்கத்துக்கு 47:15, 55ஆம் அத்தியாயத்தின் பின்பாதி, 76ஆம் அத்தியாயம். கெடாத நீர், சுவை மாறாத பால், மது, தெளிந்த தேன் ஆகியவற்றின் ஆறுகள். இவை உவமையா, அப்படியே இருப்பவையா என்ற கேள்வி வரும். 47:15 ‘சொர்க்கத்தின் உவமை’ என்றே தொடங்குகிறது. 32:17 அவர்களுக்காக மறைத்து வைக்கப்பட்டுள்ள கண்குளிர்ச்சியை எந்த உயிரும் அறியாது என்கிறது. அதனால் பெயர்கள் நமக்குத் தெரிந்தவை, பொருள்கள் நம் அறிவுக்கு அப்பாற்பட்டவை என்று பல விரிவுரையாளர்கள் சொல்வார்கள். ஆறுகளையும் தோட்டங்களையும் விட என்னை நிறுத்துபவை வேறு வரிகள். அங்கே வீண்பேச்சோ பழிச்சொல்லோ இல்லை, ‘ஸலாம், ஸலாம்’ என்ற சொல் மட்டுமே (56:25-26). அவர்கள் நெஞ்சங்களில் இருந்த பகையை நீக்கிவிட்டோம் (15:47). நம்பிக்கையில் பின்தொடர்ந்த பிள்ளைகள் பெற்றோருடன் சேர்க்கப்படுவார்கள் (52:21). எல்லாவற்றையும்விடப் பெரியது அல்லாஹ்வின் பொருத்தம், அதாவது அவன் திருப்தி (9:72).

சொர்க்கம் ஆண்களுக்காக எழுதப்பட்டது என்று நினைப்பவர்கள் 4:124, 16:97, 33:35 மூன்றையும் பார்க்கட்டும். நல்லறம் செய்தவர் ஆணானாலும் பெண்ணானாலும் என்று வசனமே சொல்கிறது.

நரக வசனங்களைச் சிறிதாகப் பிரித்துப் படியுங்கள். 14:17இல் மரணம் எல்லாப் பக்கமிருந்தும் வருகிறது, ஆனால் அவன் சாவதில்லை. 43:77இல் நரகத்தின் காவலரான மாலிக்கை அழைத்து, ‘உம் இறைவன் எங்களை முடித்துவிடட்டும்’ என்று கெஞ்சுகிறார்கள். உலகில் அஞ்சி ஓடிய மரணத்தையே அங்கே வேண்டிக் கேட்கிறார்கள்.

நரகம் முடிவற்றதா என்ற கேள்விக்குப் பொதுவான நிலை, மறுத்தவர்களுக்கு நிரந்தரம், பாவம் செய்த நம்பிக்கையாளர்கள் இறுதியில் வெளியேறுவர் என்பது. ஆனால் 11:107இல் ‘உம் இறைவன் நாடியதைத் தவிர’ என்ற சொற்கள் இருக்கின்றன. 1350இல் மறைந்த அறிஞர் இப்னுல் கையிம் உள்ளிட்டோர் இதை விரிவாக விவாதித்திருக்கிறார்கள். பிற மதத்தவர் நிலை என்ன என்று கேட்பவர், 2:62, 3:85, 17:15 மூன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தூதரை அனுப்பாதவரை யாரையும் தண்டிப்பதில்லை என்பது மூன்றாவது. இவற்றை எப்படிப் பொருத்துவது என்பதில் விரிவுரையாளர்கள் வேறுபடுகிறார்கள். ஒரே வசனத்தைக் காட்டித் தீர்ப்பு எழுதுபவரிடம் மற்ற இரண்டையும் கேளுங்கள்.

எட்டாம் படி: உயிரோடு இருக்கும்போது செய்ய வேண்டியவை

இறந்தவரைக் குளிப்பாட்டுவது, கஃபனிடுவது (துணியால் போர்த்துவது), ஜனாஸாத் தொழுகை (இறந்தவருக்கான தொழுகை) ஆகியவற்றின் முறை குர்ஆனில் விவரிக்கப்படவில்லை, அவை நபிவழியிலிருந்து வருபவை. அடக்கம் செய்வதற்கான முதல் பாடம் மட்டும் 5:31இல் ஒரு காகம் வழியாக வருகிறது. கணவனை இழந்தவரின் காத்திருப்புக் காலம் நான்கு மாதம் பத்து நாள் (2:234). கர்ப்பிணியாக இருந்தால் பிரசவம் வரை என்பது 65:4ஐ ஒட்டிப் பெரும்பாலான சட்ட அறிஞர்கள் சொல்வது. மறைந்தவர்களுக்காக என்ன கேட்பது என்றால் 59:10, பெற்றோருக்கு 17:24.

குர்ஆன் மிக விரிவாகச் சட்டம் சொல்வது சொத்து விஷயத்தில். 4:10, அநாதைகளின் சொத்தை அநியாயமாகத் தின்பவர்கள் வயிற்றில் நெருப்பையே தின்கிறார்கள் என்கிறது. அடுத்த வசனத்திலேயே வாரிசுப் பங்கீடு தொடங்குகிறது. 4:11-12 இரண்டிலும் சேர்த்து நான்கு முறை ஒரே நிபந்தனை திரும்பத் திரும்ப வருகிறது: இறந்தவரின் வஸிய்யத்தையும் (மரண சாசனத்தையும்) கடனையும் தீர்த்த பிறகே பங்கு. நடைமுறையில் கடன் முதலில் அடைக்கப்படும், பிறகு மரண சாசனம், மீதிதான் வாரிசுகளுக்கு. சாசனம் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, வாரிசுக்கே எழுதி வைக்கக் கூடாது என்பவை நபிமொழிகளிலிருந்து வந்த வரம்புகள். பங்குகளின் கணக்கை நீங்களே போட்டுவிட வேண்டாம், யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அது மாறும். வாரிசுச் சட்டம் படித்த ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) குடும்ப விவரத்தோடு போங்கள்.

நீங்கள் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. முதலில் சொன்ன 2:281க்கு அடுத்து வருவதுதான் குர்ஆனின் மிக நீண்ட வசனம், 2:282. கடன் கொடுக்கல் வாங்கலைத் தவணையோடு எழுதி, சாட்சி வைக்கச் சொல்லும் வசனம் அது. சிறிய தொகையானாலும் எழுதச் சலிக்காதீர்கள் என்கிறது. ஒரு தாள் எடுத்து யாருக்கு எவ்வளவு தர வேண்டும், யாரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும், யாருடைய பொருள் உங்களிடம் அமானிதமாக (நம்பி ஒப்படைக்கப்பட்டதாக) இருக்கிறது என்று எழுதுங்கள். தேதி போடுங்கள். சாசனம் எழுதுவதாக இருந்தால் 5:106 சொல்கிறபடி நேர்மையான இருவரைச் சாட்சியாக வையுங்கள், உங்கள் நாட்டுச் சட்டப்படி பதிவு வேண்டுமென்றால் அதையும் செய்யுங்கள். அந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள்.